வெள்ளை நூல் கட்டிய பூச்சி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் வைத்தால் ஆடாது. இத்தனை பேர் இதில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் ஐயா. கனம் எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

நான் தூண்டில் பூச்சி கட்டுகிறவன். தூண்டில் முள்ளின் மேல் இறகும் உரோமமும் வைத்து நூலால் இறுக்கிச் சுற்றினால், மீன் அதை இரை என்று நம்பிக் கவ்வும். தலையில் இரண்டு உலோகக் கண்கள் வைப்போம். அழகுக்கு என்று விவரம் தெரியாதவர்கள் நினைக்கிறார்கள். பூச்சி எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று முடிவு செய்வதே அந்தக் கண்தான். உள்ளே வெற்றான மணியை வைத்தால் மேலாக நீந்தும். ஈயத்தைவிடக் கனமான டங்ஸ்டனை வைத்தால் நேரே அடியில் போய் உட்காரும். என் தங்கை இரண்டு வகைக்கும் ஒரே வண்ணம் பூசி, நடுவில் கறுப்புப் புள்ளி வைப்பாள். அதன் பிறகு பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. லேசான கண் என்றால் கழுத்தில் வெள்ளை நூல், கனமான கண் என்றால் சிவப்பு நூல். வாங்குகிறவர்கள் நூலைப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

தங்கையை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். முப்பது தாண்டிவிட்டாள், இருந்தாலும் பாப்பாதான். அப்பா அம்மா போன பிறகு கண்ணுக்குள் வைத்து வளர்த்தேன். அவளுக்கு வந்த வரன்களை எல்லாம் நானே விசாரித்தேன், ஒன்றும் தேறவில்லை. கடைசியில் அவளே ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். படகு மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவன். சரி, நம் வீட்டோடு இருக்கட்டும் என்று மாடி அறையை ஒழித்துக் கொடுத்தேன்.

அவன் எப்படிப்பட்டவன் என்று நீங்களே சொல்லுங்கள். சாப்பிடும்போது எதையாவது சொல்லி அவளுக்குப் புரையேறும் வரை சிரிக்க வைப்பான். வேலை நேரத்தில் பட்டறைக்கு வந்து அவள் மூக்கில் வண்ணத்தைத் தொட்டு வைப்பான். அவளும் வேலையை விட்டுவிட்டு அவனைத் துரத்திக்கொண்டு ஓடுவாள். என்னோடு இருந்த வரை அவள் அப்படி ஓடினதே கிடையாது. பெண்ணைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டினதாம் என்பார்களே, அதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொல்கிறான்: "மச்சான், துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு. வீடும் பாத்தாச்சு. நீங்க அப்பப்ப வந்து தங்கிட்டுப் போங்க."

நான் விருந்தாளியாகப் போகவேண்டுமாம். பாப்பாவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்து கிடந்தது.

"ஜன்னலைத் திறந்தா கடல்தான் அண்ணா. கண்ணுக்கெல்லாம் நான் அங்கேயே பெயின்ட் பண்ணி அனுப்பிடுறேன். நீ கட்டிக்க வேண்டியதுதான்."

அவன் சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தாள், பாவம். ஒரு கைதி அப்படித்தான் பேசுவாள். காப்பாற்று என்று அவளால் வாய்விட்டுக் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவனிடம் ஒரு குணம் இருந்தது. பூச்சி எங்கே மாட்டினாலும் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டு வரமாட்டான். தண்ணீருக்குள் இறங்கிப் போய் எடுத்துக்கொண்டுதான் வருவான். மகா கஞ்சன்.

உடைந்த பாலத்துக்குக் கீழே ஒரு மடு இருக்கிறது. அடியில் பழைய பாலத்தின் இரும்புக் கம்பிகள் சிக்கலாகக் கிடக்கின்றன. வெள்ளை நூல் பூச்சி அவற்றுக்கு மேலே நீந்திப் போய்விடும். சிவப்பு நூல் பூச்சியை அங்கே ஒருவரும் போடமாட்டார்கள். அவர்கள் துறைமுகத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசியாக ஒருதரம் சேர்ந்து மீன் பிடிக்கலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். அவனுக்கென்று தனியாக ஒரு பூச்சி கட்டியிருந்தேன். பாப்பா பூசி வைத்திருந்த டங்ஸ்டன் கண்ணை எடுத்து வெள்ளை நூலால் கட்டினேன். நல்ல வேலைப்பாடு. என் கையிலிருந்து அதைவிட நல்லது வந்ததில்லை.

அவன் அதைக் கையில் வாங்கி, "கொஞ்சம் கனமாத் தெரியுதே மச்சான்?" என்றான்.

"வெள்ளை நூல்தானே மாப்பிள்ளே, பாருங்க."

பார்த்தான். "அதானே. நீங்க கட்டினா தப்பாவா இருக்கும்" என்று சிரித்தான்.

வீசினான். இழுத்தான். கம்பியில் மாட்டிக்கொண்டது.

"விட்டுத்தள்ளுங்க மாப்பிள்ளே, வேற கட்டித் தர்றேன்" என்று நான் சொன்னேன். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

"இல்ல மச்சான். அவ வரைஞ்ச கண்ணு. ஆத்துல விட்டுட்டுப் போக மனசு வரல."

கஞ்சத்தனத்துக்கு என்ன பெயர் வைக்கிறான் பாருங்கள்.

இறங்கினான். மடுவுக்கு நடுவில் பாறை சட்டென்று முடிந்துவிடும், அதற்கப்பால் ஆளை முழுக்கும் ஆழம். அந்த இடம் எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டை போட்டிருந்தான்; உள்ளே தண்ணீர் புகுந்தால் அது ஆளை நிமிரவிடாது. நரம்பைப் பிடித்துக்கொண்டே போய், குனிந்து, பிறகு காலை ஒரு எட்டு முன்னால் வைத்தான். என் கையில் மீன் வாரும் வலை இருந்தது, நீளக் கைப்பிடி போட்டது. அவன் என் பக்கமாகக் கையை நீட்டினான். ஆனால் என்னைக் கூப்பிடவில்லை, அவள் பெயரைத்தான் கூப்பிட்டான். அது எனக்குப் பிடிக்கவில்லை.

வலை எட்டவில்லை என்று அன்றைக்கு உங்கள் கான்ஸ்டபிளிடம் சொன்னேன். அடக்கம் முடிந்த பிறகு போய், அதே கல்லில் நின்று நீட்டிப் பார்த்தேன். எட்டுகிறது. நன்றாகவே எட்டுகிறது.

ஆளை வெளியே எடுத்தபோது வலது கை இறுக மூடியிருந்தது. பூச்சி அதற்குள் இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். நீங்கள் அவன் சாமான்களை ஒரு உறையில் போட்டுப் பாப்பாவிடம் கொடுத்தீர்கள். நேற்று மத்தியானம் அவள் அதைப் பிரித்தாள். பூச்சியை உள்ளங்கையில் வைத்து மெல்லத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். நான் கற்றுக்கொடுத்த முறைதான்.

"அண்ணா, இது டங்ஸ்டன்."

"ஆமா பாப்பா."

"வெள்ளை நூல் கட்டியிருக்கே."

"ஆமா."

செருப்புக்கூடப் போடாமல் கிளம்பி உங்களிடம் வந்துவிட்டாள். நான் மறைக்கவில்லை, ஐயா. கண்ணை நான் பொறுக்கினேன், நூலை நான் மாற்றினேன், வலையை நான் நீட்டவில்லை. அவனைக் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று காட்டுங்கள், கொஞ்சம் சீக்கிரம். பாப்பா வெளியே பெஞ்சில் காத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். கோபம் நாலு நாள் இருக்கும், பிறகு தணிந்துவிடும், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?