ஒன்பது பத்துக்குப் போட்ட கோடு

மின்விசிறி சுழலாத இந்த மண்டபத்திலும் தலை சாயாமல் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! எனக்கு முன் பேசிய ஆறு பேரையும் தாங்கி, ஏழாவதாக என்னையும் தாங்கத் துணிந்த பெரியோர்களே! அறுவை அரங்கிலிருந்து நேராக வந்து அரைக்கண் மூடியிருக்கும் மருத்துவர்களே! நடந்து நடந்து நடையே மறந்துபோன செவிலியர் சகோதரிகளே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! வணக்கம்.

களைத்து வந்திருக்கிறேன். சாதாரணக் களைப்பா? நாற்பத்திரண்டு நாள் இந்த மருத்துவமனையின் மரப் பெஞ்சில் உட்கார்ந்து, என் களைப்புக்கே களைப்பு வந்து, அது தனக்கொரு பெஞ்சு கேட்கிறது.

"சுருக்கமா பேசுங்க!" என்கிறார் பின்வரிசை அண்ணன். அண்ணே, நீட்டிப் பேச எனக்கு மூச்சு ஏது?

நான் பெயர்ப்பலகை எழுதுகிறவன். கதவு வரைந்தால் விருந்தாளி அதில் முட்டிக்கொள்வார்; பூட்டு வரைந்தால் திருடன் திரும்பிப் போவான். 'கிருமி முந்துமுன் நாம் முந்துவோம்' என்று என் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறதே, அதுவும் என் கைவண்ணம்தான். அந்தக் கைதான், அவையோரே, ஒரு மனிதரின் காலை ஏறக்குறையக் காவு வாங்கியது!

யார் அவர்? என் தங்கையின் கணவர். தச்சர். இதோ, இரண்டாவது வரிசையில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு முறைக்கிறாரே, அவர்தான். அவரிடம் இத்தனை நாளும் சொல்லாத ஒன்றைச் சொல்லவே இந்த மேடை ஏறினேன். தனியாகச் சொல்லத் துணிவில்லை. ஐந்நூறு பேர் நடுவில் அடிக்க மாட்டார் என்ற நம்பிக்கை.

ஒரு மரச்சிராய். முழங்காலுக்குக் கீழே நகக்கண் அளவுக் காயம். மறுநாள் விடிந்ததும் காய்ச்சல். காயத்தைச் சுற்றிச் சற்றே சிவப்பு. வலியோ வானத்தைப் பிளந்தது.

"மச்சான், உள்ளுக்குள்ள யாரோ உளி வச்சுச் செதுக்குறாங்க."

"இத்தனூண்டு காயத்துக்கு இவ்வளவு அலறலா? மாப்பிள்ளை, நீங்க நாடகத்துக்குப் போயிருக்கணும்."

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். காயம் கடுகாக இருந்து வலி கடலாக இருந்தால், அது நாடகமா? தோலுக்கு அடியில் தீப் பற்றிவிட்டது என்று பொருள்!

இங்கே கொண்டுவந்தோம். செவிலியர் இரண்டு கையிலும் இரத்தம் எடுத்துப் புட்டிகளில் இட்டார். "மருந்தை முதல்ல ஏத்துங்கம்மா, ரத்தம் எங்க ஓடிடப் போகுது?" என்று அதட்டினேன்.

"மருந்து போயிட்டா புட்டியில கிருமி வளராமப் போயிடும் ஐயா. எந்தக் கிருமின்னே தெரியாது. ரெண்டே நிமிஷம், பொறுங்க."

அதன்பிறகு நரம்பில் மருந்து ஏற்றினார். பேனாவை எடுத்துச் சிவப்பின் ஓரமாக ஒரு கோடு வரைந்து, பக்கத்தில் 9.10 என்று நேரமும் எழுதினார். "சிவப்பு இதைத் தாண்டினா உடனே கூப்பிடுங்க. கோட்டை மட்டும் அழிச்சிடாதீங்க."

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். துடைப்பதில் பேரரசி! தரையில் நிழல் விழுந்தால் நிழலையும் துடைப்பாள். பதினொரு மணிக்கு, வியர்த்துக் கிடந்த கணவருக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்தாள். தலை முதல் கால் வரை. கோடு போயிற்று.

"அண்ணே! கோடு போச்சுண்ணே! அந்த நர்சம்மா என்னைக் கொன்னுடும். நீதான் எழுதுறவனாச்சே, ஒண்ணு போட்டுடேன்!"

போட்டேன். பழைய கோடு எங்கே இருந்தது? எவருக்குத் தெரியும்! அப்போது சிவப்பு எதுவரை வந்திருந்ததோ அதைச் சுற்றி, அழகு சொட்டச் சொட்ட வரைந்தேன். பக்கத்தில் 9.10. அந்த ஒன்பதுக்குச் செவிலியர் வைக்கும் வால் உட்பட! நாற்பது வருடத் தொழிலில் அத்தனை சுத்தமாக நான் எதையும் நகலெடுத்ததில்லை.

பதினொன்றரைக்கு மருத்துவர் வந்தார். "கோட்டைத் தாண்டலையே, நல்லது. வலிதான் இடிக்குது. ஒரு மணி நேரத்துல திரும்ப வர்றேன்" என்று நகர்ந்தார்.

பன்னிரண்டு மணி. சிவப்பு என் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை வந்துவிட்டது. பார்க்கிறவர் என்ன நினைப்பார்? மூன்று மணி நேரத்தில் ஒரு விரல், மெதுவாகத்தான் பரவுகிறது என்று நினைப்பார். உண்மை என்ன? ஒரே மணி நேரத்தில் ஒரு விரல்! தோல் கருநீலமாகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கூரையைப் பார்த்து ஜன்னலுக்கு அளவு சொல்லத் தொடங்கினார்: "நாலடிக்கு மூணடி... நாலடிக்கு மூணடி..."

தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்களைக் கூப்பிடு. நான் அழிச்சதை மட்டும் சொல்லாதண்ணே."

சொல்லவா? சொன்னால் மானம் போகுமே! சொல்லாவிட்டால்? இப்படிப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன் ஐயா. ஒரு மனிதரின் உயிர் உள்ளே அளவு சொல்லிக்கொண்டிருக்க, என் மரியாதைக்கு நான் பத்து நிமிடம் காவல் இருந்தேன்.

பிறகு எழுந்து போய்ச் சொன்னேன். செவிலியர் திட்டவில்லை.

"எத்தனை மணிக்கு வரைஞ்சீங்க?"

"பதினொண்ணு இருக்கும்மா."

"இருக்குமா, இல்ல பதினொண்ணேதானா?"

"பதினொண்ணேதான்."

ஓடினார். அத்தனை வேகமாக ஒரு மனிதப் பிறவி ஓடி நான் பார்த்ததில்லை. அரை மணியில் மாப்பிள்ளை அறுவை அரங்கில். அழுகிய சதையை மூன்று முறை வெட்டி எடுத்தார்கள். மறுநாள் புட்டியில் கிருமி வளர்ந்தது. சில நாளில் அதன் பெயர் தெரிந்து, மருந்தை அதற்கேற்ப மாற்றினார்கள். உயிர் நின்றது. கால் நின்றது. கெண்டைச்சதை போயிற்று.

வெட்டிய மருத்துவரிடம் கேட்டேன்: "டாக்டர், நான் அந்தக் கோட்டைப் போடாம இருந்திருந்தா?"

வெகுநேரம் கை கழுவினார். "கொஞ்சம் கம்மியா வெட்டியிருப்போம்" என்றார்.

இதுதான் மாப்பிள்ளை. இவ்வளவுதான்.

என்ன? கை தூக்குகிறார். மைக்கை அங்கே கொடுங்கள்.

"தெரியும் மச்சான். நீங்க வரையறப்ப நான் முழிச்சுத்தான் இருந்தேன். பேனா குறுகுறுன்னுச்சு. கோடு தாண்டலைன்னா வெட்ட மாட்டாங்கன்னு நினைச்சு, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன்."

வேண்டாம், கைதட்ட வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

மூன்று பேர்! ஒருத்தி ஏச்சுக்குப் பயந்தாள். ஒருவர் கத்திக்குப் பயந்தார். ஒருவன் தன் எழுத்தழகில் மயங்கினான். மூவரும் சேர்ந்து யாரை ஏமாற்றினோம்? மருத்துவரையா? முக்கால் மணி நேரம் ஏமாற்றினோம். செவிலியரையா? ஏமாற்றினோம். கிருமியை? ஒரு கணம், ஒரே ஒரு கணம் ஏமாற்ற முடிந்ததா? எவ்வளவு அழகாக எழுதினால் என்ன, அதற்கு வாசிக்கத் தெரியாதே!

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே! கோடு அழிந்தால் அழிந்தது என்று சொல்லுங்கள். மாத்திரை விட்டுப்போனால் விட்டுப்போனது என்று சொல்லுங்கள். கூனிக்குறுகிச் சொல்லுங்கள், அழுதுகொண்டே சொல்லுங்கள், ஆனால் அந்த நிமிடமே சொல்லுங்கள்! ஏச்சு வாங்கிச் செத்தவர் எவருமில்லை.

கேட்டுக்கொண்டிருந்த உங்கள் காதுகளுக்கும், திட்டாமல் ஓடிய அந்தக் கால்களுக்கும் என் நன்றி. மாப்பிள்ளை, எழுந்திருக்காதீர்கள், நானே கீழே இறங்கி வருகிறேன். அனைவருக்கும் வணக்கம்.