கடைசிப் பந்து கைக்குள்ளே

மேடையில் அமர்ந்திருக்கும் கழகத் தலைவர் அவர்களே, எங்களைத் திட்டித் திட்டியே ஆளாக்கிய பயிற்சியாளர் அவர்களே, என்னோடு சேர்ந்து நரைத்துப்போன தோழர்களே, நாம் இன்று அஞ்சலி செலுத்தும் நண்பரை இழந்து முன்வரிசையில் தனியாக அமர்ந்திருக்கும் அவருடைய மகளே, வணக்கம்.

பதினோரு ஆண்டுகள் நான் இந்த அணியின் கோல்கீப்பர். அதே பதினோரு ஆண்டுகள் அவர் மாற்று கோல்கீப்பர். நான் விழுந்தால்தான் அவருக்கு வாய்ப்பு. நான் விழவே இல்லை. அதனால் அவரை எல்லோரும் 'பெஞ்சு' என்று கூப்பிட்டோம். அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் நான்தான்.

அவருடைய வேலை என்ன? ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் என்னைத் தயார்படுத்த அறுபது பந்து உதைப்பது. ஐம்பத்தொன்பது பந்துகள் இடி மாதிரி வரும். அறுபதாவது மட்டும் மெதுவாக வந்து நெஞ்சில் சேரும். "கடைசிப் பந்து கைக்குள்ள இருக்கணும்ண்ணே. அந்த நெனப்போட உள்ள போங்க" என்பார். தன் இடத்தில் நிற்பவனுக்குத் தைரியம் சொல்லி அனுப்பும் மனம் யாருக்கு வரும்? எனக்கு வந்திருக்காது, சத்தியமாக.

நேற்று அவர் மகள் என்னிடம் கேட்டாள்: "பெரியப்பா, அப்பா ஒரு மேட்ச் கூட ஆடலையே. அவருக்கு அவ்வளவா ஆட வராதோ?" நான் டீ டம்ளரைக் கழுவி வைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

இப்போது சொல்கிறேன், அம்மா. நாங்கள் கோப்பை வென்ற இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், பயிற்சியில் என் வலக்கை விரல் முறிந்தது. பார்த்தவர் உன் அப்பா ஒருவர்தான். நியாயப்படி மறுநாள் அவர் ஆடியிருக்க வேண்டும். உடைமாற்றும் அறையில் நான் கெஞ்சினேன், யாரிடமும் சொல்லாதே என்று. அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "கையக் குடுங்கண்ணே" என்று இரண்டு விரலைச் சேர்த்து டேப் சுற்றினார். மறுநாள் பந்தெல்லாம் என் இடப்பக்கமாகவே உதைத்தார். அறுபதாவது வழக்கம்போல் நெஞ்சில் சேர்ந்தது. பயிற்சியாளர் அவர்களே, உங்களையும்தான் ஏமாற்றினோம்.

கோப்பையோடு நான் நிற்கும் படம் இதோ இந்தச் சுவரில் தொங்குகிறது. அப்போது அவர் மைதானத்தில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே, ஆட்ட அனுபவம் இல்லை என்று எழுதி அவரை அனுப்பிவிட்டார்கள். நான் வாய் திறந்தேனா? முப்பது ஆண்டுகளாகத் திறக்கவில்லை.

அவருக்கு ஆட வரும், அம்மா. பத்து பெனால்டியில் ஏழு பிடிப்பார். நான் நான்கு. அந்தப் பயத்தில்தான் ஒருநாளும் விழாமல் நின்றேன்.

என் மனைவி போன பிறகு ஞாயிறுதோறும் அவர் மைதானத்துக்கு வந்து எனக்குப் பத்துப் பந்து உருட்டுவார். போன ஞாயிறும் பழக்கதோஷத்தில் போய்விட்டேன். கையுறை மாட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் உறைத்தது, எதிரே யாருமில்லை.

தலைவர் அவர்களே, அந்தப் படத்தை இறக்கிவிடுங்கள். உங்கள் அணியின் இன்றைய மாற்று கோல்கீப்பர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. வரும் ஞாயிறு முதல் அந்த மாற்று ஆட்டக்காரருக்கு அறுபது பந்து நான் உதைக்கிறேன். முழங்கால் விடாவிட்டால் கையால் உருட்டுகிறேன். கடைசிப் பந்து அவர் கைக்குள்ளே சேரும்.