நாய்க்குப் போன கீரை

சிரிங்க தம்பி, சிரிங்க. செக்பொயின்ட்ல பஸ்ஸ நிப்பாட்டிப் பையக் கொட்டிப் பாத்த ஆமிக்காரனும் சிரிச்சான்தான். பொன்னாங்கண்ணி, வல்லாரை, கொஞ்சம் பயத்தங்காய்… ஆருக்கு எண்டு கேட்டான். நாய்க்கு எண்டன். இன்னொருத்தனயும் கூப்பிட்டுக் காட்டிச் சிரிச்சான். உள்ளதச் சொன்னா சிரிக்கிற காலம் தம்பி இது.

கொஞ்சம் அங்கால தள்ளி இரிங்க… ஆ, காணும். நான் முத்தலிப். ஊடு கல்முனை, வயல் இறக்காமத்தில. யான வரும், காட்டுப் பண்டி வரும், அதுக்காக வயல் குடிசையில, அந்த வாடியில ஒரு நாய் வச்சிரிக்கன். ஊட்டுக்கு எடுக்கிறல்ல, நம்மட ஆக்கள் எடுப்பாங்களா? அதிட சட்டி வேற, எண்ட கோப்ப வேற. அதில நான் சரியான கவனம். நான் மேல காவல் பரணில, அது கீழ. தாடி கறுப்பாக் கிடந்த காலத்தில இருந்து எனக்கு அந்தப் பரணிலதான் நித்திர வரும். இப்ப எண்ட பொஞ்சாதி ஸுலைஹா அந்தக் காவல எண்ட கையில இருந்து பறிச்சு மருமகன் ஹமீட்டுக்குக் குடுத்திட்டா. இண்டைக்கு நான் போறது காவலுக்கில்ல, அவருக்கு நாயப் பழக்கிக் குடுக்க. மனம் பொறுக்குமா, நீங்களே சொல்லுங்க.

என்ன, நாய் கீர தின்னுமா எண்டா? ஏன் தின்னாது? மாட்டு டொக்டரே சொன்னாரு, நல்லா அவிச்சு சோத்தோட பிசைஞ்சு குடுங்க, மயிர் மினுங்கும் எண்டு. வெங்காயம் மட்டும் போடக் கூடாதாம், நாய்க்கு ஆகாதாம். ஸுலைஹா வெங்காயம் போடுறல்ல. உறைப்பும் போடுறல்ல. ஏன் போடுறல்ல எண்டா… எனக்கு ஒத்துக்கிறல்ல.

ம்… இனி மறைச்சு என்னத்துக்கு. நாய் முதல்ல திண்டது எனக்கு ஆக்கின கீர தம்பி.

எனக்கு ரத்தத்தில கொழுப்பு கூடிட்டாம். ஆஸ்பத்திரி டொக்டர் இறைச்சிய நிப்பாட்டச் சொல்லிட்டாரு. அண்டையில இருந்து வயலுக்குப் போகக்குள்ள ரெண்டு பார்சல். எனக்குச் சோறும் கீரச் சுண்டலும். நாய்க்கு மாட்டுக் கொழுப்பு, பாபத்துக் குடல், சவ்வு, எல்லாம் மஞ்சள் போட்டு அவிச்சது. இதென்ன ஞாயம்? வாடியில தாச்சிச் சட்டி இரிக்கி, மிளகாத்தூள் இரிக்கி. நாய்ட பார்சல நான் பிரட்டித் திண்டன், எண்ட பார்சல அதிட சட்டியில போட்டன். நாய் வாய் வைக்க முந்தியே மாத்தின, எல்லாம் சுத்தம். முதல் நாள் மோந்து பாத்திட்டு என்னப் பாத்திச்சு. பொறகு சுண்டல்ல போட்ட மாசிக் கருவாட்டுத்தூளும் தேங்காப்பூவும் புடிச்சுப் போச்சு. இப்ப அதிட மினுக்கத்தப் பாத்தீங்கண்டா… பண்டிக்குப் பின்னால குதிர போல ஓடும். நான்தான் வரம்பில ஏற மூச்சு வாங்கிற.

ஸுலைஹாக்கு அப்ப ஒண்டும் தெரியா. போன கிழம ஹமீட் பசளை ஏத்த ட்ரெக்டரக் கொண்டு வந்தாரு, இந்த நாய்ச் சனியன் வயல்ல இருந்து பின்பெட்டியில ஏறி வந்திட்டு. பாவமெண்டு இவ கேற்றடியில நல்ல இறைச்சி எலும்பாப் பாத்துப் போட்டா. தம்பி, அது எலும்பத் திரும்பியும் பாக்கல்ல. குசினியில சுண்டல் வேகிற மணத்துக்கு ஜன்னலடியில போய்க் குந்தி வால ஆட்டுது. இவ ஒரு அகப்ப போட்டா. நக்கித் திண்டுட்டு இன்னும் தா எண்டு என்னப் பாக்குது. எப்பவும் போடுறவன் நான்தானே.

அவ ஏசல்ல. ஏசியிருந்தாத் தாங்கியிருப்பன். நாய்ட முதுகப் பாத்தா, எண்ட வயித்தப் பாத்தா, முக்காட்டுத் தலப்பால கண்ணத் தொடச்சா. பொறகு மெதுவாச் சொன்னா, "வயல நாய் பாத்துக்கும். உங்கள நான் பாத்துக்கிறன். அதுக்கு நீங்க ஊட்ட இரிக்கணும்."

இப்பிடிச் சொல்றவக்கிட்ட, எனக்குப் பரணில படுக்கணும் எண்டு எப்பிடித் தம்பி கேக்கிற?