மூளை காட்டிக்கொடுக்குமா?

இல்லம்மா, நீங்களே சொல்லுங்க, தலையில எத்தனை கொண்டை ஊசி இருக்குன்னு யாராவது எண்ணி வெச்சுக்குவாங்களா? ஏழு எடுத்துக் கொடுத்தேன். எட்டாவதா ஒண்ணு ஒளிஞ்சிருக்கான்னு அந்த நர்ஸ் பொண்ணு என் முடிக்குள்ள விரலை விட்டுத் துழாவுது! இரும்பு இருந்தா மெஷின் இழுத்துக்குமாம். நல்லா இழுத்துக்கட்டும். வளையல், கண்ணாடி, சேஃப்டி பின் எல்லாத்தையும் கழட்டி ஒரு டப்பாவுல போட்டு, எங்க வீட்டுக்காரர் கையில கொடுத்து, லாக்கர்ல வெச்சுட்டு வாங்கன்னு அனுப்பியாச்சு. போனவர் போனவர்தான். அந்த லாக்கர் வேற, சாவியை இந்தப் பக்கம் திருப்பினா அந்தப் பக்கம் திறக்குது. இந்த அங்கியைப் பாருங்க, நாடாவைப் பூரா முதுகுப் பக்கம் வெச்சுத் தைச்சிருக்கான். முதுகுக்கு எட்டற கை இருக்கிறவன் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரப்போறான்?

உங்களுக்கும் தலைசுத்தல்தானே? ...இல்லையா? காது? ...அதுவும் இல்லையா? பின்ன எதுக்கும்மா இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க?

ஓ... ஓஹோ! நீங்க அந்தக் கூட்டமா? ஒண்ணுமில்லாதவங்க கூட்டம். ஆமாமா, இங்க ஆராய்ச்சி பண்ற டாக்டரம்மா சொன்னாங்க. ஒண்ணுமில்லாதவங்களையும் படம் எடுத்துப் பார்த்தாத்தான் எங்களுக்கு என்ன இருக்குன்னு தெரியுமாம். கொடுத்து வெச்சவங்கம்மா நீங்க. ஒண்ணுமில்லைங்கறதுக்கே உட்கார வெச்சு ஜூஸ் கொடுக்கறாங்க.

எனக்கு ஆரம்பிச்சு நாலு மாசம் ஆச்சு. காலைல அலாரத்தை அணைக்கலாம்னு இடது பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். அலமாரி கூரைக்குப் போகுது, கூரை கட்டிலுக்கு அடியில வருது, ஃபேன் என் கால்மாட்டுல சுத்துது. பூகம்பம், பூகம்பம்னு கத்தினேன்! எங்க வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தாரு. அப்படியே மேஜையைப் பார்த்தாரு. "டம்ளர்ல தண்ணி ஆடவே இல்லையே"ன்னாரு. கட்டின பொண்டாட்டி கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு தொங்கறேன், மனுஷன் டம்ளரை சாட்சிக்குக் கூப்பிடறாரு!

அப்புறம் காது டாக்டர்கிட்ட போனோம். காதுக்குள்ள சின்னச் சின்னதா கல்லு இருக்காம், மாவு மாதிரி. அது இருக்க வேண்டிய இடத்தை விட்டுட்டு வேற குழாய்க்குள்ள போயிடுச்சாம். தலையை ஒரு பக்கமா திருப்பி, சடார்னு மல்லாக்கச் சாய்ச்சாரு பாருங்க... நான் போட்ட சத்தத்துல வெளிய உட்கார்ந்திருந்த ரெண்டு பேரு எழுந்து வீட்டுக்கே போயிட்டாங்களாம். அந்தப் பக்கம் திருப்பு, இந்தப் பக்கம் உருட்டு, எழுந்து உட்காரு. அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. "கல்லு அதோட இடத்துக்குப் போயாச்சும்மா, கிளம்புங்க"ன்னுட்டாரு.

போயாச்சுதான். சுத்தலைதான். நான் இல்லைங்கலை. ஆனா நடந்தா மெத்தை மேல நடக்கிற மாதிரி இருக்கு. நின்னா படகுல நிக்கிற மாதிரி இருக்கு. என் வேலை என்னங்கறீங்க? லைப்ரரியில. திரும்பி வர்ற புத்தகத்தையெல்லாம் தள்ளுவண்டியில ஏத்தி, அதது இடத்துல அடுக்கணும். ரெண்டு பக்கமும் கூரை வரைக்கும் ரேக்கு, நடுவுல சந்து. அந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சா போதும், புத்தகத்தோட முதுகெல்லாம் சேர்ந்து என் பக்கமா நகர்ந்து வர்ற மாதிரி இருக்கும். ஒருநாள் பிரசவப் புத்தகத்தைக் கொண்டுபோய் மோட்டார் ரிப்பேர்ல சொருகிட்டேன். ஒரு ஆளு வந்து கேட்டாரு, "இது எந்த வண்டிக்கு?"ன்னு.

மறுபடி காது டாக்டர்கிட்ட போனா, படுக்கப் போட்டு உருட்டிப் பார்த்துட்டு, "ஒண்ணுமே இல்லையேம்மா"ங்கறாரு. அந்த ஒரு வார்த்தை போதும் நம்ம வீட்டுல! என் பொண்ணு வெளியூர்ல இருக்கா, ஃபோன்ல சொல்றா, "அம்மா, அது மனசும்மா, வேற எதையாவது நினை"ன்னு. நான் என்ன வேணும்னேவா நினைச்சுக்கிட்டிருக்கேன்? எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலை. சொல்லியிருந்தாக்கூட சண்டை போட்டிருப்பேன். நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தா பேப்பரை ஒரு இஞ்ச் மேல தூக்குவாரு. அவ்வளவுதான்.

அப்பத்தான் காது டாக்டர் இந்த ஆராய்ச்சிக்கு எழுதிக் கொடுத்தாரு. கல்லு சரியான பிறகும் கிறுகிறுப்பு போகாதவங்க நிறைய பேரு இருக்காங்களாம். அவங்க மூளையில என்ன நடக்குதுன்னு பார்க்கறாங்களாம். நீங்க இன்னும் உள்ள போகலை இல்ல? போனா தெரியும். டமடமடமன்னு ஒரு சத்தம், தலைமாட்டுல நாலு கொத்தனாரு நின்னு இடிக்கிற மாதிரி. அதுல, "தூங்காதீங்க, எதையும் யோசிக்காதீங்க, சும்மா படுத்திருங்க"ம்பாங்க. சும்மா இருக்கும்போது மூளை என்ன பண்ணுதுன்னுதான் பார்க்கணுமாம். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்துல என்னைச் சும்மா படுத்திருன்னு சொன்னது அந்த மெஷின் ஒண்ணுதான்.

அப்புறம் டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சு விளக்கினாங்க. காது சரியாயிடுச்சு, ஆனா மூளைக்கு இன்னும் சேதி போய்ச் சேரலை. நிக்கறது, நடக்கறது, கண்ணால பார்க்கறது, பயப்படறது, இதையெல்லாம் கவனிக்கிற இடங்கள்ல இந்த மாதிரி ஆளுங்களுக்கு வேலை சிலதுல கூடியும் சிலதுல குறைஞ்சும் கிடக்கு. எப்ப விழுவோமோ எப்ப விழுவோமோன்னு மூளை உஷாராவே உட்கார்ந்திருக்கு. இப்படிச் சொன்னாங்க. எனக்குப் பாதி புரிஞ்சுது. எங்க வீட்டுக்காரருக்கு முழுசா புரிஞ்சுடுச்சு! அவர் தபால்காரரா இருந்து ரிட்டயர் ஆனவரும்மா. "அதாவது, ஆளு வீடு மாறிப் போயாச்சு, தபால் மட்டும் பழைய விலாசத்துக்கே வந்துக்கிட்டிருக்கு. அப்படித்தானேம்மா?"ன்னாரு. டாக்டரம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு, "இதை நான் எழுதி வெச்சுக்கலாமா?"ன்னு கேட்டாங்கன்னா பாருங்களேன்!

அன்னையிலருந்து மனுஷன் மாறிட்டாரு. அடியோட மாறிட்டாரு.

தினமும் நடக்கணும், நடக்கும்போது தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பழகணும், அப்பத்தான் மூளைக்குத் தைரியம் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்களா... அதை ரிஜிஸ்டர் தபால் மாதிரி எடுத்துக்கிட்டாரு. காலைல ஆறு மணிக்கு காபி போட்டு, எழுப்பி, கையில கொடுப்பாரு. காபி கண்றாவியா இருக்கும். அது வேற விஷயம். அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறது. ஏம்மா, முப்பது வருஷம் தெருத்தெருவா நடந்த காலு அது! எங்க போனாலும் பத்தடி முன்னாடி போயிட்டிருப்பாரு. கடைவீதியில அவர் முதுகைப் பார்த்துக்கிட்டே என் பாதி ஆயுசு போச்சு. அந்த மனுஷன் என் பக்கத்துல, என் நடைக்கு நடக்கறாரு.

நடந்தா பரவாயில்லை... பேசறாரும்மா! நான் தலையைத் திருப்பணும்ல, அதுக்காக ஒவ்வொரு வீடா காட்டிக்கிட்டே வருவாரு. "இடது பக்கம் பாரு, பச்சைக் கதவு. மாசத்துக்கு ஒரு நீலக் கவர் வரும். அந்தம்மா பிரிக்கவே மாட்டாங்க, திருப்பி அனுப்பிடுன்னுவாங்க. ஆனா வர்ற தேதியன்னைக்கு வாசல்ல நின்னுக்கிட்டு இருப்பாங்க." "இப்ப வலது பக்கம் பாரு. இந்த வீட்டுப் பையனுக்கு வேலை உத்தரவு கொண்டு போனேன், நாய் கடிச்சுது. நாயை அடிச்சுட்டு அந்தப் பையன் என் காலைக் கட்டிக்கிட்டு அழுதான்." இத்தனை நாளா இதையெல்லாம் எங்க வெச்சிருந்தாருன்னே தெரியலை. வீட்டுக்கு வந்தா 'சாப்பாடு ஆச்சா'ங்கறதைத் தவிர வேற வார்த்தை வராத ஆளு.

...என்னது? பரவாயில்லையே, குணமாயிடுமே அப்படீங்கறீங்களா?

அதாம்மா கஷ்டம். கொஞ்சம் கிட்ட வாங்க. உங்களைப் பார்த்தா வெள்ளந்தியா இருக்கு, நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க.

குணமாயிடுச்சு!

பதினெட்டு நாளாச்சு. லைப்ரரியில ஸ்டூல் மேல ஏறி, மேல் தட்டுல ஒரு பெரிய அகராதியை வெச்சுட்டு, அப்படியே குனிஞ்சு கீழ இருந்த இன்னொண்ணை எடுத்துட்டேன். எடுத்த பிறகுதான் உறைக்குது... அட, ஒண்ணும் ஆடலையே! மறுபடி மேல பார்த்தேன், கீழ பார்த்தேன். ரேக்கெல்லாம் அததுவா நிக்குது. சந்தோஷப்படணுமா இல்லையா? எனக்கு அழுகையா வந்துச்சு. ஸ்டோர் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, தலையை இப்படியும் அப்படியும் வேகமா ஆட்டிப் பார்த்தேன், கொஞ்சமாவது மிச்சம் இருக்கான்னு. கழுத்து சுளுக்கினதுதான் மிச்சம்.

அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் "எப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு. வாய் தானா சொல்லுது, "இன்னைக்கு கொஞ்சம் அதிகம்தாங்க"ன்னு. உடனே எழுந்து வந்து கையைப் பிடிச்சாரு. ...நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? குணமாயிடுச்சுன்னு சொன்னா மறுநாளே பத்தடி முன்னாடி போயிடுவாரும்மா. இன்னும் நாலு தெரு பாக்கி இருக்கு. அந்த நீலக் கவர் என்ன ஆச்சுன்னே எனக்கு இன்னும் சொல்லலை!

இப்ப பாருங்க, மூணு மாசம் ஆச்சு, ரெண்டாவது படம் எடுக்கணும் வாங்கன்னு கூப்பிட்டுட்டாங்க. போன தடவை நான் நடிக்கலைன்னு எனக்காக சாட்சி சொன்ன மெஷினே, இந்தத் தடவை நடிக்கறேன்னு சொல்லிடுமே! நாலு நாளா சோறு இறங்கலை. உள்ள போய்ப் படுத்ததும் தலை சுத்தறதாவே நினைச்சுக்கலாமா, அப்ப படத்துல தெரியுமான்னெல்லாம்...

என்ன? ...எந்தப் பேப்பர்? இதுவா? நான் கையெழுத்துப் போட்டதா? ரெண்டாவது பக்கத்துலயா? என்ன போட்டிருக்கு, படிங்க, எனக்குக் கண்ணாடி இல்லை.

...

மெதுவா, மறுபடி படிங்க. தனி ஒரு ஆளோட படத்தை வெச்சு அவங்களுக்குக் கிறுகிறுப்பு இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாதா? எல்லாரோடதையும் சேர்த்து, கூட்டத்துக்குக் கூட்டம் ஒப்பிட்டுத்தான் பார்ப்பாங்களா? அடக் கடவுளே. அப்போ என் படத்தைப் பார்த்து ஒண்ணும் தெரியாதா! நாலு நாள் சோறு வீணா போச்சே!

இருங்க. அப்போ போன தடவை? ...ஆமா, டாக்டரம்மா "இந்த மாதிரி ஆளுங்களுக்கு"ன்னுதான் சொன்னாங்க. "உங்களுக்கு"ன்னு சொல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து பொண்ணுக்கு ஃபோன் போட்டு, "என் மூளையே மாறிப் போயிருக்குடீ, படத்துலயே தெரியுது"ன்னு சொன்னது நான்தான்.

சரி போகட்டும்! நல்லதுக்குத்தான்! இனி எனக்கென்ன பயம்? மெஷினும் காட்டிக்கொடுக்காது, நீங்களும் சொல்ல மாட்டீங்க. இன்னும் ஆறு மாசத்துக்கு எனக்குத் தலை சுத்தத்தான் போகுது, பார்த்துக்கிட்டே இருங்க! தேவைப்பட்டா ஒரு வருஷம்கூட... ஏம்மா கண்ணை இப்படி உருட்டறீங்க? என்ன பண்ணுது? உங்களுக்கும் சுத்துதா? ஐயய்யோ, ஒண்ணுமில்லாத கூட்டத்துல இருந்துக்கிட்டு... தண்ணி வேணுமா? எதுக்கு என் தோளுக்கு மேலயே பார்க்கறீங்க? பின்னாடி யாரு...

ஏங்க.

எப்ப வந்தீங்க? ...லாக்கர் உடனே திறந்துடுச்சா? ...அப்போ எதுலருந்து நின்னுக்கிட்டிருக்கீங்க? ...ஸ்டூல்ல ஏறினதைச் சொன்னதுலருந்தா? ...

இல்லைங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா... இந்தம்மா சும்மா உட்கார்ந்திருந்தாங்க, பேச்சுத் துணைக்கு... எங்கம்மா எழுந்து போறீங்க? நம்பர் கூப்பிட்டாங்களா? எனக்குக் கேட்கலையே!

போயிட்டாங்க.

என்னது, என் நம்பரா? ரெண்டு தடவை கூப்பிட்டாச்சா? இதோ எழுந்துட்டேன். ...கையை விடுங்க. அதான் எல்லாத்தையும் கேட்டாச்சே, இன்னும் எதுக்குப் பிடிக்கறீங்க? நானே நடந்து போய்க்கறேன்...

என்ன சொல்றீங்க?

உங்களுக்கா? உங்களுக்குத் தலை சுத்துதா? எப்பலருந்து? ...இப்பத்தானா? நான் பேசினதைக் கேட்டதுலருந்தா?

...

சரி, சரி. இறுக்கிப் பிடிச்சுக்குங்க. மெதுவா வாங்க. இங்க ஒரு படி இருக்கு.