திரையில் பின்தங்கிய நாடி

என் பெயர் வேதநாயகி ஓஸ்வால்ட். வயது எழுபத்தொன்று. காலஞ்சென்ற ஓஸ்வால்ட் என்பவரின் மனைவி. பெங்களூர், பிரேசர் டவுனில் சொந்த வீட்டில் என் ஒரே மகன் டென்சிலுடன் வசிக்கிறேன். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுதப் படிக்க வராது. ஆகையால் தமிழில் சொல்கிறேன்.

டென்சில் ஹெப்பகோடியில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவிகள் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். கருவியைக் கணினியோடு இணைக்கும் டிரைவர் என்ற நிரலை எழுதுவது அவன் வேலை. 1997 ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, அவனோடு வேலை பார்க்கும் மஞ்சுநாத் எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். புதிய கணினிகளில் கருவியின் தகவல் நேராக நினைவகத்துக்குப் போய்விடும் என்றும், டிஎம்ஏ எனப்படும் அந்த வசதி இல்லாத பழைய கணினிகளில் ஒவ்வொரு துணுக்கையும் கணினியின் பிராசஸரே சுமப்பதால் திரையில் துடிப்பின் படம் ஓட ஓடப் பின்தங்கும் என்றும் பேசிக்கொண்டார்கள்.

மஞ்சுநாத், "டிஎம்ஏ இல்லேன்னா டிரைவர் ஸ்டார்ட்டே ஆகக்கூடாது குரு" என்று டென்சிலிடம் சொன்னார். அதற்கு டென்சில், "ஊர்ல பாதி நர்சிங் ஹோம்ல ஓட்டை டப்பாதான் இருக்கு. உன் மாமனார் புதுசு வாங்கித் தருவாரா?" என்று சிரித்தான். அதன் பிறகு மஞ்சுநாத், படம் தாமதமாக வருகிறது என்று திரையிலாவது காட்டச் சொன்னார். அப்படிக் காட்டினால் எந்த டாக்டரும் வாங்க மாட்டார் என்று டென்சில் மறுத்துவிட்டான்.

அந்த ஆகஸ்டில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து, பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்தோம். அங்கே ஒரு பழைய கணினியோடு இணைக்கப்பட்டிருந்தது டென்சிலின் கம்பெனிக் கருவி. மறுநாள் மதியம் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நாடி நின்றது. நர்ஸ் எல்லம்மாவைக் கூப்பிட்டேன். அவர் திரையைப் பார்த்து, "நல்லாத்தானே ஓடுது. உங்க கை மரத்துப் போயிருக்கும் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மறுபடியும் கூப்பிட்டேன். திரையில் துடிப்பு நின்ற பிறகுதான் டாக்டரை அழைத்தார்கள். அதற்குள் என் கணவரின் நகங்கள் நீலமாகியிருந்தன.

மஞ்சுநாத்தின் புகாரின் பேரில், இந்தத் தாமதம் டென்சிலுக்கு முன்பே தெரியுமா என்று என்னைக் கேட்கிறீர்கள். இன்று காலை டென்சில், "மம்மி, அன்னிக்கு நீங்க கிச்சன்ல இருந்ததா சொல்லுங்க. மஞ்சு ஒருத்தன் சொன்னா கேஸ் நிக்காது" என்றான். அவனுக்கு ஆப்பம் பரிமாறினேன். அதன் பிறகு அவனே ஆட்டோ பிடித்து என்னை இங்கே அழைத்து வந்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

அன்று நான் கிச்சனில் இல்லை. அதே மேஜையில் டென்சிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாமதம் அவனுக்கு முன்பே தெரியும்.

தலைமைக் காவலர் கோவிந்தப்பா இதைப் படித்துக் காட்டினார். "மிகுந்த துயரத்துடன்" என்று அவராகச் சேர்த்ததை அடிக்கச் சொன்னேன். மற்ற யாவும் நான் சொன்னவை, உண்மை.

(ஒப்பம்)
வேதநாயகி ஓஸ்வால்ட்