எர்த் குழிக்கு இரண்டு வாளி

காலையில் வந்ததும் என் முதல் வேலை வாளியைக் கழுவுவதுதான், மேடம். நீல வாளி. அழுக்கு வாளியில் பிடித்தால் நல்ல தண்ணீரும் அழுக்காகிவிடும். அந்த ஷோரூமில் வாளியை மதித்த ஒரே ஆள் நான்தான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. வெள்ளிக்கிழமை காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு, பத்தடி தூரத்தில் இருந்த சிவப்பிரகாஷுக்கு ஏன் போன் அடித்தாய் என்று. அவர் இறந்ததைவிட அந்தப் போன்தான் உங்களை உறுத்துகிறது. நியாயம்தான். முறையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். நீங்கள் என் வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதிக்கொள்ள வேண்டுமே, மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் செல்லாத்தாள். கொழிஞ்சாம்பாறை ரோட்டில் இருக்கும் அந்தக் கார் ஷோரூமில் ஆறு வருடமாகக் கூட்டித் துடைக்கிறேன். முதலாளி அப்புசாமி ஐயா தென்னந்தோப்பில் பாதியை விற்றுக் கட்டியது. அவருடைய மகன் சிவப்பிரகாஷ்தான் மேனேஜர். நாங்கள் சின்னவர் என்போம்.

போன வருடம் கரண்ட் காருக்குச் சார்ஜ் ஏற்றும் மெசின் வைத்தார்கள். வைக்க இடம் போதாமல் வாசலில் நின்ற இரண்டு வேப்பமரங்களை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ‘பசுமையை நோக்கி’ என்று ஒரு போர்டு நட்டார்கள். திறப்பு விழா அன்று கரண்ட் லைன் இன்னும் வரவில்லை. டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து வந்து மெசினை ஓட்டினார்கள். கம்பெனியிலிருந்து வந்தவர் புகையில்லாத உலகம் என்று பேசிக்கொண்டிருந்தபோது புகை அவர் மூக்கில் ஏறி நாலு தடவை இருமினார். எல்லோரும் கைதட்டினோம்.

மெசின் வைத்த எலெக்ட்ரீஷியன் ஜிபி ஆலத்தூர்க்காரர், நல்ல மனிதர். மெசினுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டினார். எர்த் குழி. மெசினில் கரண்ட் கசிந்தால் அது ஆளைப் பிடிக்காமல் மண்ணுக்குள் போய்விட வேண்டும், அதற்குத்தான் குழி. எங்கள் மண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. நாலடிக்குக் கீழே பாறை, மேலே புழுதி. காய்ந்த மண்ணுக்குள் கரண்ட் போகாதாம். ஜிபி உப்பு போட்டார், கரி போட்டார், மீட்டரில் எண் இறங்கவே இல்லை; அது இறங்கினால்தான் மண் கரண்டை இழுக்குமாம். என் வாளியை வாங்கி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். இறங்கிவிட்டது. அந்த ஈரம் காய்வதற்குள் சர்ட்டிபிகேட்டும் வந்துவிட்டது.

“சேச்சி, டெய்லி ரெண்டு பக்கெட் வெள்ளம் ஊத்தணும். மறக்கருது” என்றார்.

“நானுங்களா தண்ணி ஊத்தோணும்?”

“வேற ஆரு இருக்கு இங்க, நேரத்துக்கு வர்ற ஆளு?”

கசிவு வந்தால் தானாகவே அணைந்துபோகும் சுவிட்ச் ஒன்றும் வைத்திருந்தார். அது அடிக்கடி அணைந்தது. வண்டியை மாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போனவர்கள் திரும்பி வந்து திட்டினார்கள். சின்னவர் அந்தச் சுவிட்சை எடுத்துவிட்டு நேராக இணைக்கச் சொன்னார். ஜிபி முடியாது என்றார். முடியும் என்ற ஒருவரைச் சின்னவர் மறுநாளே கூட்டி வந்தார். ஜிபி கிளம்பும்போது தன்னுடைய டெஸ்டரை என் கையில் கொடுத்தார். திருப்புளி மாதிரி இருக்கும், கரண்ட் இருந்தால் உள்ளே சிவப்பாக எரியும். ஆகமொத்தம், அந்த ஷோரூமின் பாதுகாப்புத் துறை என்பது நானும் நீல வாளியும்தான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் காய்ச்சலென்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். மறுநாள் வந்து மெசினைத் துடைத்தபோது விரலில் சுள்ளென்றது. எனக்கு ஆட்களிடம் நேருக்கு நேர் பேச வராது, மேடம். இப்போது பேசுவதே உங்கள் முகத்தைப் பார்க்காமல்தான். அதனால் சின்னவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அதற்கே நாலு தடவை பேசி அழித்தேன்.

“ஏனுங்க சின்னவருங்களா, மெசினத் தொட்டா சுள்ளுங்குதுங்க. ஆராச்சும் வந்து பாருங்கொ.”

யாரும் வந்து பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் மீட்டிங்கில் சின்னவர் அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டார். ரிசப்ஷனில் இருக்கும் யோகப்பிரியா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“செல்லாத்தாக்கா, சினிமாவுல டப்பிங் பேசப் போலாமுங்க நீங்க” என்றார் சின்னவர். “இத்தன நாளு இந்தக் கொரல எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

மறுநாளிலிருந்து அதுதான் அவர் போனின் ரிங்டோன். வங்கி மேனேஜர் முன்னால் அடிக்கும், வண்டி வாங்க வந்தவர்கள் முன்னால் அடிக்கும். “எங்க சேஃப்டி ஆபீசருங்க” என்று என்னைக் கைகாட்டுவார். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், நான் தரையைப் பார்ப்பேன். தரை சுத்தமாகத்தான் இருக்கும். எத்தனை தடவை அடித்தது என்று நான் எண்ணவெல்லாம் இல்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் நினைவிருக்கிறது.

அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். என் மகள் கௌசிகாவுக்குப் பதினொன்றாவது சேரும்போது புத்தகம் வாங்கித் தந்தார். தமாஷான ஆள், அவ்வளவுதான்.

நான் தினமும் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டுதான் இருந்தேன். ஊற்றினால் சுள் இல்லை. தை மாதத்தில் போர்வெல் வற்றியது. ஒரு நாள் குழியருகில் என்னைப் பார்த்துவிட்டார்.

“ஏனக்கா, அங்க என்ன கீரையா பயிர் பண்றீங்க? கார் கழுவத் தண்ணியில்ல. நாளையிலிருந்து ஒரு சொட்டு ஊத்தக் கூடாது, ஆமா.”

யோகப்பிரியா பக்கத்திலேயே இருந்தாள், கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லித்தான் நிறுத்தினேன். என்ன, சொன்னது தையில், நிறுத்தியது பங்குனி கடைசியில். இடையில் இருந்த இரண்டரை மாதமும் அவருக்குத் தெரியாமல் ஊற்றினேன். வாடிக்கையாளர்கள், பிள்ளைகுட்டிகள் எல்லாம் தொடுகிற மெசின் இல்லையா. பிறகு ஒரு நாள், முதலாளி சொல்லைத் தட்டுவது முறையில்லை என்று மனதில் பட்டது.

பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பித் திருவிழா. சின்னவரும் வந்திருந்தார். மாவிளக்குத் தட்டோடு பெண்களெல்லாம் வரிசையில் நிற்கிறோம், மேளம் நின்ற நேரம், அவர் பையில் போன் அடித்தது. ஏனுங்க சின்னவருங்களா. என் நாத்தனார் சிரித்தாள், பூசாரி சிரித்தார். பரவாயில்லை. என் பக்கத்தில் நின்ற கௌசிகா தாவணியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். “அம்மா, நீயாம்மா அது?” என்றாள். பதினாறு வயது, சிரிக்கிற வயதுதானே. அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாள் கணக்குச் சரியாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

திங்கட்கிழமை குழிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. மெசின்மேல் ‘பழுது, தொடாதீர்கள்’ என்று அட்டை மாட்டினேன். வெளியாள் யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது பாருங்கள். “எதுக்குக்கா அட்டை?” என்றாள் யோகப்பிரியா. “சுள்ளுங்குது” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அந்த வாரம் வந்தவர்களை எல்லாம் பொள்ளாச்சி ரோட்டு மெசினுக்கு அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை டெஸ்டரை வைத்துப் பார்த்தேன், லேசாக மினுங்கியது. புதன்கிழமை இன்னும் கொஞ்சம். வியாழக்கிழமை நெற்றிப் பொட்டு மாதிரி சிவப்பாக எரிந்தது.

வெள்ளிக்கிழமை பூசை உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் பக்கம் டிராக்டரோ மோட்டாரோ, எந்த மெசினாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டுவோம். சார்ஜ் ஏற்றும் மெசினுக்கும் உண்டு. சின்னவர் குளித்து, செருப்பைக் கழற்றி, வெறுங்காலில் நின்று, தன் கையாலேயே சந்தனம் வைப்பார். அட்டை ஊராருக்குத்தான், தனக்கில்லை என்று நினைத்திருப்பார். நான் சொன்னதை அவர் எப்போது நம்பினார்?

பூசைக்கு முன்னால் தரையைக் கழுவிவிடுவது என் வேலை. அன்றைக்கும் இரண்டு வாளிதான் பிடித்தேன், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குழிக்குப் போக வேண்டிய தண்ணீரை மெசின் முன்னால் தரையில் ஊற்றினேன். தண்ணீரை வீணாக்கவில்லை, மேடம். இடம்தான் மாற்றினேன்.

தட்டுப் பிடிக்க யோகப்பிரியா வந்தாள். எலுமிச்சம்பழம் இல்லை என்று அவளைக் கடைக்கு அனுப்பினேன். பழம் என் முந்தானையில் இருந்தது. அவள் சிரித்தவள்தான். ஆனாலும் சின்னப் பெண், கல்யாணம் நிச்சயமானவள். எனக்கு அவ்வளவுகூட இரக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

“வழுக்குமுங்களா?” என்று கேட்டார் சின்னவர், ஈரத்தைப் பார்த்து.

“வழுக்காதுங்க” என்றேன். பொய் சொல்லவில்லை.

அவர் சந்தனத்தைக் குழைத்து, மெசினின் நெற்றியில் விரலை வைத்தார். அப்புறம் அந்த விரலை எடுக்க அவரால் முடியவில்லை.

மெயின் சுவிட்ச் எனக்குப் பின்னாலேயே இருந்தது. கையை நீட்டினால் எட்டும். கையை நீட்டினேன்தான், போனை எடுக்க. சின்னவர் என்று பதிந்து வைத்திருந்த நம்பருக்கு அடித்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து என் குரல் வந்தது. ஏனுங்க சின்னவருங்களா, மெசினத் தொட்டா சுள்ளுங்குதுங்க, ஆராச்சும் வந்து பாருங்கொ. கம்பெனி விதியும் அதுதான், ஆபத்து என்றால் மேனேஜருக்கு முதலில் தகவல் சொல்ல வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் சொன்னேன். மணி முழுவதுமாக அடித்து முடியும் வரை காத்திருந்து, பிறகு சுவிட்சை அணைத்தேன். பெரியவர் ஒருவர் பேசும்போது குறுக்கே புகுவது எனக்குப் பழக்கம் இல்லை. அன்றைக்குப் பேசியது நான்.

அந்தக் குரலைக் கேட்டு உள்ளேயிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆடியிலிருந்து பங்குனி வரை அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அன்றைக்குத்தான் வந்து பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், கைநாட்டு வேண்டாம், ஒன்பதாவது வரை படித்திருக்கிறேன், கையெழுத்தே போடுகிறேன். கோபத்தில் செய்தாள் என்று மட்டும் எழுதாதீர்கள், எனக்குக் கோபமே வராது.

ஒரு சின்ன விஷயம். சின்னவருடைய போன் உங்கள் மேசையில்தானே இருக்கிறது. கௌசிகா சாயங்காலம் என்னைப் பார்க்க வருவாள். அவள் வந்ததும் அதற்கு ஒரு தடவை அடியுங்கள், மேடம். அவள் சிரிக்கிறாளா என்று பார்க்க வேண்டும்.