சட்டை அலமாரியில் நாற்று

— தண்ணி ஊத்தினது நீங்கதானே அத்தை? மறைக்காதீங்க.

— ஒரு டம்ளர்தான் ஊத்தினேன். வாடின மாதிரி நின்னுச்சு, மனசு கேக்கல. அதுக்குப் போய் போலீஸ்காரி மாதிரி நிக்க வெச்சுக் கேக்கறியே.

— அது வாடல அத்தை, தண்டு அழுகுது. பாருங்க, மண்ணை ஒட்டி நூல் மாதிரி கறுத்துப் போயிருக்கு. துளசி நாத்து பாதித் தட்டு சாஞ்சாச்சு. அடித்தட்டுல தண்ணி வெச்சா அதுவா உறிஞ்சிக்கும், மேல ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?

— என்னத்தைச் சொல்ல. நீ சொன்ன, நான் மறந்தேன். நீ பாட்டுக்கு மருந்துக்கடைக்குப் போயிடற. பகல் பூரா நானும் நாத்துக்கு வெயிலுக்குப் பதிலா நீ மாட்டின இந்த ஊதா வெளக்கும்தான் மூஞ்சியை மூஞ்சி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.

— சரி விடுங்க. அந்த ஸ்பூனைக் குடுங்க. சாஞ்சதை மண்ணோட அள்ளி எடுத்துடறேன். இல்லாட்டி பக்கத்துல இருக்கறதுக்கும் தொத்திக்கும்.

— நேத்து எதிர்வீட்டுக்காரி கேக்கறா, உங்க மருமக என்ன, ரூமுக்குள்ள சினிமா தியேட்டர் நடத்தறாளான்னு. ஜன்னல் பூரா ஊதா வெளிச்சமாம்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— டிக்கெட் தீந்து போச்சுன்னு சொல்லிட்டேன்.

— நல்லா சொன்னீங்க. அந்தக் குட்டி ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்க. காத்து பட்டாதான் மண்ணு மேலாப்புல காயும்.

— கொத்தமல்லிக்கு ஒண்ணும் ஆகலியே?

— அது இருக்கு. ஆனா வெளக்கை யாரு மேல ஏத்திக் கட்டினது? வெளிச்சம் எட்டாம கழுத்தை நீட்டிக்கிட்டு, வெளிறிப் போய் நிக்குது பாருங்க.

— ஒட்டடை தட்டறதுக்காக ஏத்தினேன். எறக்கத் தெரியல. என் பையன் சட்டை மாட்டி வெச்சிருந்த வரைக்கும் இந்த அலமாரியில இவ்வளவு வேலை இல்ல.

— அவரு சட்டையையெல்லாம் மூட்டை கட்டிக் கட்டிலுக்கு அடியில போட்டாச்சு. அதை ஏன் இப்ப இழுக்கறீங்க?

— இழுக்கல தாயே. வாய் தவறி வந்துடுச்சு. நீ மொதல்ல உக்காரு. வந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்க.

— உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். கடையில நின்னு நின்னு ரெண்டு முழங்காலும் கல்லாட்டம் கெடக்கு.

— செடியைவிட நீதான் வாடிப் போயிருக்க. முழங்கால் வலிக்கு யாரும் இப்படி மூஞ்சியை வெச்சுக்க மாட்டாங்க. என்னன்னு சொல்லு.

— நாத்துப் பண்ணைக்காரர் கடைக்கே தேடி வந்துட்டாரு.

— நமக்கு விதை குடுப்பாரே, அந்தத் தொப்பிக்காரரா?

— அவருதான். போன தடவை நான் வளத்துக் குடுத்த நாத்து அத்தனையும் நெலத்துல பிடிச்சுக்கிச்சாம். பண்ணையில நாத்துக் கூடம் மொத்தத்தையும் நீயே வந்து பாத்துக்கம்மாங்கறாரு. தங்கறதுக்கு அங்கேயே ஒரு வீடு தர்றாராம். நல்லா வெயில் வர்ற வீடு. இன்னிக்குள்ள பதில் சொல்லணும், இல்லாட்டி வேற ஆளைப் போட்டுக்குவாரு.

— நல்ல சேதிதானே. அதை ஏன் எழவு சேதி மாதிரி சொல்ற?

— போன தடவை இந்தப் பேச்சு வந்தப்ப நீங்க என்ன சொன்னீங்க? என் பையன் வர்றப்ப வீடு பூட்டிக் கெடக்கக் கூடாது, நான் இந்த எடத்தை விட்டு அசைய மாட்டேன்னீங்க. உங்களை இப்படித் தனியா விட்டுட்டு நான் எங்க போறது?

— என்னைச் சாக்கு சொல்லாத. நீயும்தான் காத்துக்கிட்டு இருக்க. படியில செருப்புச் சத்தம் கேட்டா உன் கை செய்யற வேலை அப்படியே நின்னு போகுது. கெழவிக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?

— நிக்குதுதான். என்ன பண்ணச் சொல்றீங்க? எனக்கே என்மேல வெறுப்பா இருக்கு. போன தடவை வந்தாரு, நாலு நாள் சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரு. இனிமே எங்கேயும் போக மாட்டேன்னு என் கையைப் பிடிச்சுச் சொன்னாரு. ஒரு நாள் கடையிலேர்ந்து வந்து பாக்கறேன், ஆளும் இல்ல, பையும் இல்ல. போன் அடிச்சா எடுக்கல. அதுக்கு முந்தின தடவையும் இதே கூத்துதான்.

— அப்புறம் நீ செவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்தியே. ஊட்டி விட்டாலும் முழுங்கத் தெரியாத கொழந்தை மாதிரி வாயில வெச்சுக்கிட்டுக் கெடந்தியே. பாத்துக்கிட்டு இருந்தவ நான்தான்.

— அதையெல்லாம் கிளறாதீங்க அத்தை. அலுத்துப் போச்சு. மறுபடியும் அவரு வந்து வாசல்ல நின்னா, நான் உள்ளே வாங்கன்னுதான் சொல்லுவேன். எனக்கு வேற மாதிரி இருக்கத் தெரியல. அதான் பயமா இருக்கு.

— தெரியும்.

— தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? பண்ணைக்காரருக்குப் போன் போட்டு வரலைன்னு சொல்லிடறேன்.

— இரு இரு. அந்தப் பண்ணை வீட்டுல மாடிப்படி இருக்கா?

— எதுக்குக் கேக்கறீங்க?

— கேட்டா சொல்லேன். எனக்குப் படி ஏற ஆகாது.

— படியெல்லாம் இல்ல, எல்லாம் கீழேதான். அத்தை... நீங்க வர்றீங்களா?

— இந்தத் தட்டையெல்லாம் எப்படிக் கொண்டு போறது? வண்டியில வெச்சா குலுக்கல்ல செத்துடாது?

— பேச்சை மாத்தாதீங்க. வீட்டைப் பூட்டிட்டா வர்றீங்க? பூட்டின கதவைப் பாத்தா என் புள்ள மனசு உடைஞ்சு போயிடுவான்னு அன்னிக்கு அப்படி அழுதீங்களே?

— பெத்த வயிறு, அழத்தான் செய்யும். இப்பவும் உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— அப்ப எப்படி வருவீங்க? உங்க பையன் வந்தா?

— வந்தான். நேத்து நீ கடைக்குப் போனப்புறம் பையும் கையுமா வந்து, அம்மா அம்மான்னு கதவைத் தட்டிக்கிட்டே இருந்தான். நான்தான் தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு, வீட்டுல யாருமே இல்லாத மாதிரி மூச்சு விடாம உக்காந்திருந்தேன்.